மலை ஓடையில் எண்ணெய்ப் படலம்: மூலத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

கடலில் எண்ணெய் மிதந்தால் அது எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத் தெளிவான ஒரு முறை இருக்கிறது. செயற்கைக்கோள் ரேடார் படத்தில் கறுப்புத் தடத்தைப் பார்க்கிறார்கள். காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீதமும், நீரோட்டத்தின் முழு வேகமும் சேர்ந்து அந்தத் தடத்தை எங்கிருந்து தள்ளி வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவ்வழியே போன கப்பல்களை, அவை தம் இருப்பிடத்தைத் தொடர்ந்து அறிவிக்கும் தானியங்கி அடையாளப் பதிவிலிருந்து எடுக்கிறார்கள். கடைசியில் அந்தக் கப்பல்களின் தொட்டியில் மாதிரி எடுத்து, மிதந்த எண்ணெயோடு ஆய்வகத்தில் ஒப்பிடுகிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது மூலம் எது என்ற கேள்வியே எழவில்லை. கோவா கடற்கரையில் மழைக்காலத்தை ஒட்டி வந்து ஒதுங்கும் தார் உருண்டைகளுக்குத்தான் இந்த முறை முழுவதும் தேவைப்படுகிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இதே கேள்வி சிறிய அளவில் அடிக்கடி எழுகிறது. ஊட்டி ஏரிக்கு நீர் கொண்டுவரும் கோடப்பமந்து கால்வாய், குன்னூர் கடைத்தெருவை ஒட்டி ஓடும் ஆறு, கொடைக்கானல் ஏரியின் உபரிநீர் வெள்ளி அருவிக்குப் போகும் ஓடை எல்லாமே பணிமனை, பெட்ரோல் பங்க், வாட்டர் சர்வீஸ், ஓட்டல், ஜெனரேட்டர் கொட்டகை இவற்றின் அருகே ஓடுபவை. குந்தா ஆற்று நீர் பவானியில் சேர்ந்து பில்லூர் அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கோவை குடிக்கிறது. மேலே ஊற்றும் ஒரு கேன் கழிவு ஆயில் மலையோடு நின்றுவிடுவதில்லை.

ஓடையில் தேடுவது கடலில் தேடுவதைவிட ஒரு விதத்தில் எளிது. தண்ணீர் ஒரே திசையில்தான் போகும். எந்தப் புள்ளிக்கு மேலே ஓடை சுத்தம், எந்தப் புள்ளியில் படலம் தொடங்குகிறது என்று கண்டு, அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சுருக்கிக்கொண்டே போவதுதான் முழு வேலையும். ஆய்வகம் கடைசியில் வருகிறது. நடந்து பார்த்து எழுதிய பதிவு பலமாக இல்லையென்றால் ஆய்வக அறிக்கையால் பெரிய பயன் கிடையாது.

முதலில், அது எண்ணெய்தானா?

நம் மலைகளின் சதுப்புகளிலும் புல்வெளி ஊற்றுகளிலும் இரும்புச்சத்து அதிகம். அங்கே வளரும் இரும்பு பாக்டீரியா நீரின்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய ஆடை போர்த்தும். டீசல் படலம் என்று அதைக் காட்டிப் புகார் எழுதுவோர் நிறைய. ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். பாக்டீரியா ஆடை கூர்மையான விளிம்புள்ள சில்லுகளாக உடையும், உடைந்த துண்டுகள் மறுபடி ஒட்டாது. பக்கத்தில் துருநிறத்தில் பஞ்சு போன்ற சேறும் இருக்கும். பெட்ரோலிய எண்ணெய் சுழன்று நெளிந்து குச்சிக்குப் பின்னாலேயே கூடிக்கொள்ளும்.

எண்ணெய்தான் என்றாலும் எல்லாம் பெட்ரோலியம் அல்ல. தைலம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வரும் கழிவுநீரில் யூகலிப்டஸ் எண்ணெய் மிதந்து வரும். மணமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டலும் விடுதியும் கொட்டும் பொரித்த எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளை அல்லது மஞ்சள் கட்டிகளாகக் கரையோரப் புல்லில் ஒட்டும். பாமாயில் உள்ள கழிவு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனி நாட்களில் மெழுகுபோல் இறுகிவிடும். அதே ஓடையில் டீசல் போனால் கட்டி தட்டாது, படலமாகவே இருக்கும்.

வடிதாளில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால் இன்னும் கொஞ்சம் தெரியும். பெட்ரோல் தடமில்லாமல் ஆவியாகிவிடும். டீசல் விரிந்து ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும். ஓடிக் கழிந்த என்ஜின் ஆயில் நடுவில் கரிவட்டமும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமுமாகப் பிரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் டீசலும் மசகு எண்ணெயும் நீலச் சாயலில் ஒளிரும். ஆனால் துணி சோப்புத்தூளில் உள்ள வெளுப்பூட்டியும் நீலமாகத்தான் ஒளிரும்; ஊருக்குள் ஓடும் கால்வாயில் டார்ச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள். எந்த எண்ணெய் என்று தோராயமாகத் தெரிந்தாலே தேட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

எவ்வளவு எண்ணெய்?

கடலில் விமானத்திலிருந்து பார்ப்பவர்கள் படலத்தின் நிறத்தை வைத்து அதன் தடிமனைச் சொல்கிறார்கள். வட கடல் நாடுகளின் பான் உடன்படிக்கை வகுத்த அந்த அளவுகோல் ஓடைக்கும் பயன்படும். வெள்ளிப் பளபளப்பு என்றால் 0.04 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வானவில் நிறம் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகம் போன்ற மங்கலான பளபளப்பு 5 முதல் 50 மைக்ரான். எண்ணெயின் சொந்த நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் 50 முதல் 200 மைக்ரான், இடைவெளியே இல்லாமல் அதே நிறம் என்றால் 200 மைக்ரானுக்கு மேல்.

20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள குட்டை முழுக்க வானவில் நிறம் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் அதில் இருப்பது 60 மில்லிலிட்டரிலிருந்து 1 லிட்டர் வரைதான். டேங்கர் கவிழ்ந்ததோ என்று பதறத் தேவையில்லை. ஒரு பம்ப்செட்டின் எரிபொருள் குழாய் கசிந்தாலே இவ்வளவு வந்துவிடும்.

ஓடும் நீரில் அகலம், வேகம், தடிமன் மூன்றையும் பெருக்க வேண்டும். 2 மீட்டர் அகல ஓடை, மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.3 மீட்டர், கரைக்குக் கரை வெள்ளிப் பளபளப்பு என்றால், மணிக்கு ஏறத்தாழ 85 மில்லிலிட்டர் முதல் 650 மில்லிலிட்டர் வரை எண்ணெய் போகிறது. நாள் முழுக்க ஒரே அளவில் இப்படிப் போனால் அது ஓயாத சொட்டு: தொட்டி விரிசல், குழாய் இணைப்பு, மண்ணில் ஊறிய எண்ணெய். ஒரு மணி நேரம் அடர்ந்த கறுப்பாக வந்து பிறகு சட்டென்று நின்றுவிட்டால் யாரோ கொட்டியிருக்கிறார்கள். முதல் வகையில் அவசரமில்லாமல் நடந்து தேடலாம். இரண்டாம் வகையில் அன்றே போகாவிட்டால் தடம் கிடைக்காது.

வேகம் அளக்க 10 மீட்டர் தூரத்தை இரு குச்சியால் குறித்து, ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு நொடிகளை எண்ணுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஓடையின் மொத்த நீரளவுக்கு இந்த வேகத்தை 0.85ஆல் பெருக்குவது வழக்கம். எண்ணெய் மேற்பரப்பிலேயே போவதால் இங்கே அந்தத் திருத்தம் வேண்டாம்.

மேல்நோக்கி நடப்பது

படலம் கண்ட இடத்திலிருந்து ஒவ்வோர் அடியாக மேலேறுவது சோர்வு தரும், நேரமும் போகும். நம் சாலைகள் வளைந்து வளைந்து ஒரே ஓடையைப் பலமுறை கடக்கின்றன. அந்தச் சிறுபாலங்களைப் பயன்படுத்துங்கள். படலம் கண்ட இடத்துக்கும் ஓடையின் தலைக்கும் நடுவில் எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கும் பாலங்கள் இருந்தால், முதலில் நடுப்பாலத்துக்குப் போங்கள். அங்கே படலம் இருந்தால் மூலம் அதற்கு மேலே, இல்லையென்றால் கீழே. மீந்த பாதியில் மறுபடி நடுவில் பாருங்கள். மூன்று பார்வையில் எட்டில் ஒரு துண்டுக்கு வந்துவிடலாம். அந்தத் துண்டை மட்டும் காலால் நடந்து பாருங்கள்.

இந்த முறை தவறிப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது அருவி. நீர் விழுந்து கலங்கும்போது படலம் உடைந்து நீருக்குள் சிறு துளிகளாகக் கலந்துவிடும். அருவிக்கு நேர்கீழே மேற்பரப்பு சுத்தமாகத் தெரியும். நூறு மீட்டர் தள்ளி அமைதியான மடுவில் மறுபடி மேலே வரும். அதனால் எப்போதும் மடுவிலும், சுழலிலும், குப்பை அடைத்து நிற்கும் இடத்திலும் பாருங்கள். ஓட்டமான இடத்தில் பார்த்து ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, விட்டுவிட்டு வரும் கசிவு. நீங்கள் பாலத்தில் நின்ற நேரத்தில் படலம் இல்லை என்பதால் அந்தக் கிளை சுத்தம் என்று ஆகிவிடாது. சந்தேகமுள்ள ஒவ்வொரு கிளையிலும் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைப் பாலிப்ரொப்பிலீன் திண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, 24 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். கறை பட்ட திண்டு எந்தக் கிளை என்று சொல்லும். கட்டியவற்றை எண்ணி வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் திரும்ப எடுத்துவிட வேண்டும். நெகிழி விலக்கிய மலையில் நம் கையாலேயே அதைப் போட்டுவிட்டு வரக்கூடாது. இந்தத் திண்டு வழிகாட்ட மட்டும்தான், ஆய்வகத்துக்கான மாதிரி வேறு.

மூன்றாவது மழை. முதல் அரைமணி மழையில் சாலையில் சொட்டிய எண்ணெயெல்லாம் கழுவிக்கொண்டு வந்து எல்லா ஓடையிலும் பளபளப்பு காட்டும். அந்த நேரத்தில் தேடினால் ஊர் முழுக்கக் குற்றவாளியாகத் தெரியும். மழை நின்று நீர் தெளிந்த பிறகு தொடங்குங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி, பழனி மலைப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் இது நாள்கணக்கில் தள்ளிப்போகலாம். நீர் குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையே இந்த வேலைக்குச் சிறந்த காலம்.

துண்டு சுருங்கியதும் இரு கரைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். குறுகிய ஓடையிலும் எண்ணெய் வந்து விழுந்த கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் போகும். வலக்கரைப் புல்தண்டில் மட்டும் நீர்மட்டத்தில் கறுப்பு வளையம் இருந்தால் இடக்கரையை விட்டுவிடலாம். கல்லில் படிந்த கோடு இப்போதைய நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் அந்த எண்ணெய் நீர் ஏறியிருந்தபோது வந்தது. இன்று சொட்டும் குழாயை அதற்குப் பொறுப்பாக்க முடியாது.

குழாய் எதுவும் இல்லாமல் கரை மண்ணிலிருந்தே படலம் ஊறுகிறதா? நிலத்தடித் தொட்டிக் கசிவாக இருக்கலாம். கரையில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கைப்பிடி மண் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் பாதி தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வையுங்கள். மண் படிந்த பின் மேலே பளபளப்பு நின்றால் எண்ணெய் மண்ணிலேயே இருக்கிறது. கரையோரமாக 2 மீட்டர் இடைவெளியில் இதைச் செய்துகொண்டே போனால் ஊற்றின் அகலம் தெரியும். நிலத்துக்குள் எண்ணெய் நீர்மட்டத்தின்மேல் மிதந்து சரிவோடு நகரும். எனவே கசியும் தொட்டி ஊற்றுக்கு நேர்மேலே இருக்க வேண்டியதில்லை, பக்கவாட்டிலும் இருக்கலாம்.

மூடிய சாக்கடைக்குள்ளோ பாலத்துக்கு அடியிலுள்ள குழாய்க்குள்ளோ இறங்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். தீக்குச்சியும் பீடியும் அருகே கூடாது. விடியற்காலையில் ஓடைக்கரையில் காட்டு மாடு நிற்கும். வெளிச்சம் வந்த பிறகு இருவராகப் போங்கள். காப்புக்காட்டுக்குள் ஓடை நுழைந்தால் வனத்துறை அனுமதி வாங்கியாக வேண்டும்.

நேரத்தைப் படிப்பது

எண்ணெய் வரும் நேரம் ஆய்வகம் சொல்லாததையும் சொல்லும். காலை 7 மணிக்குப் படலத்தின் தலை உங்கள் பாலத்தைத் தொட்டது, வேகம் நொடிக்கு 0.3 மீட்டர், சந்தேகப்படும் இடம் 3 கிலோமீட்டர் மேலே என்றால், எண்ணெய் கிளம்பியது அதிகாலை 4.15 மணி வாக்கில் அல்லது அதற்கு முன்பு. மடுக்களில் தங்கித் தங்கி வருவதால் இன்னும் முன்னதாக இருக்கலாமே தவிர, பின்னதாக இருக்க முடியாது. அந்த இடம் காலை 9 மணிக்குத்தான் திறக்கும் பட்டறை என்றால் அன்றைய வேலையைக் காரணம் சொல்ல முடியாது. முந்தைய இரவு கொட்டியதா, அல்லது மூலம் வேறா என்று பாருங்கள்.

ஒரு வாரம் தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளை ஒரே இடத்தில் நின்று நிறத்தை எழுதுங்கள். மின்வெட்டு நேரத்தை ஒட்டி வந்தால் ஜெனரேட்டர். விடியலில் வந்து வெயில் ஏறியதும் நின்றால் கேரட், உருளை, பூண்டுத் தோட்டத்துக்கு ஓடையிலிருந்து நீர் இறைக்கும் டீசல் பம்ப்செட் அல்லது கேரட் கழுவும் மெஷின். சுற்றுலாக் கூட்டம் முடிந்த மறுநாள் நுரையோடு வந்தால் வாட்டர் சர்வீஸ். மழையில் மட்டும் வந்தால் பேருந்து நிலையம், லாரி நிறுத்தம், திறந்த வெளியில் வைத்த கழிவு ஆயில் டிரம். இரவும் பகலும் மாறாமல் வந்தால் நிலத்துக்குள் தேடுங்கள். இந்த நாட்குறிப்புக்குக் காசு செலவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான்.

ஒரு குழாய் எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் ஃப்ளூரசீன் சாயம் உதவும். சந்தேகப்படும் வடிகாலில் ஓரிரு கிராமை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வெளிவாயில் பச்சையாகத் தெரியும். கட்டடக்காரர் சம்மதமும் உள்ளாட்சி அனுமதியும் முதலில் வாங்குங்கள். கீழே குடிநீர் எடுக்கும் இடம் இருந்தால் செய்யவே வேண்டாம். வடிகாலும் வாயும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை மட்டுமே சாயம் காட்டும்; எண்ணெய் அதன் வழியே வந்தது என்பதற்கு அது சான்று ஆகாது.

மாதிரி எடுப்பது

படலத்தைப் பார்த்ததும் சோப்புத்தூளைக் கொட்டிக் கலைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எண்ணெய் அதனால் எங்கும் போவதில்லை. நீருக்குள் கலந்து மீனைக் கொல்லும், மாதிரி எடுக்கவும் வழியில்லாமல் போகும். தடுப்பு அவசரம் என்றால் மணல் மூட்டை அடுக்கி, உள்வாய் நீருக்கடியிலும் வெளிவாய் சற்று உயரத்திலும் இருக்கும்படி ஒரு குழாயைச் சாய்த்துப் பதியுங்கள்; தண்ணீர் அடியில் போகும், எண்ணெய் மேலே தங்கும். அதற்கும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள்.

புட்டி பழுப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், 250 மில்லிலிட்டர் போதும். மூடிக்குள் டெஃப்லான் தகடு வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து மென்மையூட்டி ரசாயனம் எண்ணெயில் இறங்கும், எண்ணெயும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கழுவிய ஜாம் புட்டி, ரப்பர் வளையமுள்ள மூடி எதுவும் வேண்டாம். ஆய்வகத்திடமே சுத்தம் செய்த புட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். படலம் மெல்லியதென்றால் தண்ணீரை மொண்டு பயனில்லை. கடலில் செய்வதுபோல் டெஃப்லான் வகை வலைத்துண்டை இடுக்கியில் பிடித்துப் படலத்தின்மேல் பலமுறை வருடி, அந்த வலையையே புட்டியில் போட்டு மூடுங்கள். ஆய்வுக்குச் சில மில்லிகிராம் எண்ணெய் இருந்தாலே போதும்.

முதலில் மேலேயுள்ள சுத்தமான இடம், அடுத்து படலம், கடைசியில் சந்தேகப்படும் டிரம் அல்லது தொட்டி. இந்த வரிசை மாறினால் கையுறையில் ஒட்டிய டிரம் எண்ணெய் சுத்தமான புட்டிக்குள் போய்விடும். ஒவ்வொரு மாதிரிக்கும் புது நைட்ரைல் கையுறை. தேங்காய் எண்ணெய் தடவிய தலை, கைக் களிம்பு, ஓடும் ஜீப்பின் புகை மூன்றும் மாதிரிக்கு அருகில் வரக்கூடாது. பயன்படுத்தாத ஒரு வலைத்துண்டை அங்கேயே புட்டியில் போட்டு வெற்று மாதிரியாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கருவியிலிருந்தே எண்ணெய் வந்தது என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

சுத்தமான மேலிட மாதிரியை விட்டுவிடுவோர் அதிகம். அது இல்லாமல் ‘இந்தப் பட்டறைக்கு மேலேயும் இதே எண்ணெய் இருந்திருக்கும்’ என்ற ஒற்றை வரியில் வழக்கே கவிழும்.

டிரம் மாதிரியைத் தாமதிக்காமல் எடுங்கள். கழிவு ஆயில் டிரம்மில் தினமும் புது வண்டியின் எண்ணெய் சேர்வதால் அதன் கலவை மாறிக்கொண்டே இருக்கும். மேல்மட்டம், நடு, அடி மூன்றிலும் தனித்தனியாக எடுப்பது நல்லது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பி.சி.பி. எனும் நச்சு இருக்கக்கூடும். அதை வெறுங்கையால் தொடவே கூடாது.

புட்டியில் எண், தேதி, மணி, இடத்தின் ஆயத்தொலைவு, எடுத்தவர், சாட்சி, வானிலை எழுதி, மூடியின் குறுக்கே ஒட்டிக் கையெழுத்திடுங்கள். கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, இருட்டில் 4 டிகிரி செல்சியஸில் ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறையவிட்டால் கண்ணாடி வெடிக்கும். புட்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணி என்ற தாள் கூடவே போக வேண்டும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது

‘எண்ணெய், கிரீஸ் சோதனை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண் வரும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதை மீறியதா என்று பார்க்க அந்த எண் உதவும். எங்கிருந்து வந்தது என்பதற்கு உதவாது. எண்ணெயின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு வரைபடமும், எண்ணெய்க்கு எண்ணெய் மாறும் அடையாளச் சேர்மங்களை நிறைமானியால் பார்க்கும் உயிர்க்குறி ஆய்வும் வேண்டும் என்று கேளுங்கள். ஜி.சி.-எஃப்.ஐ.டி., ஜி.சி.-எம்.எஸ். என்றால் அவர்களுக்குப் புரியும். எல்லா மாதிரியையும் ஒரே கருவியில், ஒரே தொகுதியாக ஓட்டச் சொல்லுங்கள்.

வரைபடத்தின் வடிவமே நிறையச் சொல்லும். அதில் ஒவ்வொரு சேர்மமும் ஒரு சிகரமாக எழும். மண்ணெண்ணெயின் சிகரங்கள் 9 முதல் 16 கார்பன் அணு கொண்ட சேர்மங்கள் வரை நெருங்கி நிற்கும். டீசல் அதற்கு மேல் 25 வரை சீரான வரிசையாக நீளும். மசகு எண்ணெயில் தனிச் சிகரங்கள் குறைந்து, கனமான பகுதியில் பெரிய மேடு ஒன்று எழும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் மேடு குறுகலாக, லேசான பக்கத்தில் இருக்கும். யூகலிப்டஸ் எண்ணெய் என்றால் அதன் முக்கியச் சேர்மமான சினியோலின் சிகரம் மட்டும் ஓங்கி நிற்கும். என்ஜினில் ஓடிய எண்ணெயா, புது எண்ணெயா என்பதற்குத் துத்தநாகம், இரும்பு, செம்பு அளவுகளைத் தனியே கேட்கலாம். துத்தநாகம் எண்ணெயில் கலக்கும் சேர்க்கைப் பொருளிலிருந்து வருவது, மற்றவை தேய்மானத்திலிருந்து.

அடுத்து விகிதங்கள், அதாவது ஒரு மாதிரியிலுள்ள ஒரு சேர்மத்தின் அளவை இன்னொன்றின் அளவால் வகுத்த எண்கள். மசகு எண்ணெய்க்கு ஹோபேன், ஸ்டெரேன் எனும் சேர்மங்களைப் பார்ப்பார்கள். அவை வெயிலிலும் பாக்டீரியாவாலும் எளிதில் அழியாதவை. டீசலில் அவை மிகக் குறைவு. அதற்கு இருவளைய செஸ்குவிடெர்பேன்களையும் கந்தகம் கொண்ட நறுமணச் சேர்மங்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். டீசல் மாதிரியில் ஹோபேன் விகிதத்தை மட்டும் கொடுத்து முடித்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

ஐரோப்பிய ஒப்பீட்டு முறையில் இரு மாதிரியின் ஒரு விகிதம் 14 சதவீதத்துக்குள் வேறுபட்டால் அதைப் பொருத்தம் என்று எடுப்பார்கள். வேறுபாட்டைச் சராசரியால் வகுக்க வேண்டும். ஓடையில் 0.82, டிரம்மில் 0.88 என்றால் வேறுபாடு 0.06, சராசரி 0.85, அதாவது ஏறத்தாழ 7 சதவீதம், பொருந்துகிறது. டிரம்மில் 1.02 என்றால் ஏறத்தாழ 22 சதவீதம், பொருந்தவில்லை. எல்லா விகிதங்களையும் பார்த்து உறுதியான பொருத்தம், பெரும்பாலும் பொருத்தம், முடிவு சொல்ல இயலாது, பொருத்தமில்லை என்ற நான்கில் ஒன்றைச் சொல்வார்கள்.

மலைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஒரே ஊரின் இரண்டு பெட்ரோல் பங்க்குகள் சமவெளியிலுள்ள ஒரே கிடங்கிலிருந்து, ஒரே வாரத்தில் டீசல் வாங்கியிருக்கலாம். இரண்டின் வேதிக் கைரேகையும் ஒன்றாகவே இருக்கும், எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. ‘உறுதியான பொருத்தம்’ என்ற சொல்லை வைத்து அவற்றில் ஒரு பங்க்கைக் கைகாட்டுவது அநியாயம். ஒன்றுக்கு மேலே ஓடை சுத்தம், கீழே படலம் என்ற நடைப்பதிவுதான் அங்கே தீர்ப்புச் சொல்லும். கழிவு என்ஜின் ஆயிலில் இந்தச் சிக்கல் குறைவு, ஒவ்வொரு டிரம்மின் கலவையும் வேறு.

புகார் கொடுப்பது

1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஓடையில் மாசுப்பொருளை விடுவதைத் தடை செய்கிறது. ஒரு நிறுவனத்தின் வெளியேற்றத்தைச் சட்டப்படி மாதிரி எடுக்கும் அதிகாரத்தை 21ஆம் பிரிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கிறது. உரிமையாளருக்கு அறிவிப்பு, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்தல், முத்திரை, இரு தரப்புக் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. இவை இல்லாத வாரிய மாதிரியின் முடிவை வழக்கில் சான்றாக ஏற்க முடியாது. எனவே நீங்கள் எடுத்த மாதிரி வாரியத்தை வரவைப்பதற்கான ஆதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து டிரம்மைத் திறக்க வேண்டாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் மனுவோடு பாலவாரியான நிறக்குறிப்பு, நேரக்குறிப்பு, வரைபடம், படங்கள் நான்கையும் இணையுங்கள். படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு மீட்டர் குச்சியைச் சட்டகத்துக்குள் வையுங்கள். கழிவு ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதி. அந்த ரசீதுகளைச் சரிபார்க்கும்படி மனுவிலேயே கேட்கலாம்.

கசிவை அடைத்துவிட்டோம் என்று சொன்ன பிறகும் அதே பாலங்களில் திண்டுகளைக் கட்டி அடுத்த கனமழை வரை பாருங்கள். படலம் மறுபடி வந்தால் புது மாதிரி எடுத்துப் பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டீசலில் 17 கார்பன் அணு கொண்ட நேர்ச்சங்கிலிச் சேர்மத்தைப் பாக்டீரியா சீக்கிரம் தின்றுவிடும், பிரிஸ்டேன் எனும் கிளைச்சங்கிலிச் சேர்மத்தை மெதுவாகத்தான் தின்னும். முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் முன்பைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் வருவது மண்ணில் தங்கிய பழைய எண்ணெய். அந்த மண்ணை அகற்ற வேண்டும். விகிதம் குறையாமல் அப்படியே இருந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை.